ஆவணியில் போட்ட குவியல்

ஒரே ஊரில் முழுதாக ஒரு வருஷம் நான் தங்கியது குறைவு. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், மும்பையில் ஒரு திருநெல்வேலிக்காரரின் இட்லிக் கடையில் மாவாட்டினேன், கோட்டயம் பக்கம் ரப்பர் பால் எடுத்தேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். பட்டினி கிடந்த ஊர்கள் உண்டு, அடி வாங்கிய ஊர்களும் உண்டு. ஓர் ஊரில் கால் முறிந்து பஸ் நிலையத்திலேயே ஒரு மாதம் கிடந்தேன். கால் கூடியதும் கிளம்பிவிட்டேன். சங்கரன்கோவிலுக்கும் யோசித்து வரவில்லை. பழைய பிளாஸ்டிக் ஏற்றப்போன ஒரு லாரியில் வந்தேன். உரக்கூடத்தின் வாசலில் அதன் ஆக்சில் முறிந்தது. அதைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் எனக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது.

உரக்கூடம் என்றால் ஊருக்கு வெளியே சில தகரக் கொட்டகைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, பெரிய சிமெண்டுக் களம். ஊரில் மக்குகிற குப்பையெல்லாம் அங்கே வரும். சந்தையில் விலைபோகாத மல்லிகை, காய்கறிக் கடைத் தழை, கோயிலில் கழித்த மாலைகள், பிரியாணிக் கடைகளின் வாழை இலை. அவற்றைப் பிரித்து, நறுக்கி, நீளமான குவியலாகப் போட்டு, நனைத்து, வாரா வாரம் புரட்டி உரமாக்க வேண்டும். அழுகிய மல்லிகைக்கு ஒரு வாடை உண்டு. முதல் நாள் சோறே இறங்காது. பிறகு சோறு அந்த வாடையோடுதான் இறங்கும்.

பிரிப்பதும் நறுக்குவதும் ஒரு மகளிர் குழுவின் வேலை. மூட்டை தூக்கவும், புரட்டும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கவும், காவலுக்கும் ஓர் ஆண் வேண்டியிருந்தது. படுத்துக்கொள்ள அறை உண்டு என்றார்கள். எனக்கு அது போதும்.

இயந்திரம் ஜப்பானிலிருந்து வந்தது. அந்த நாட்டில் ஓர் ஊர். அதன் நகராட்சியும் இங்குள்ள நகராட்சியும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இயந்திரமும் சொல்லிக்கொடுக்க ஆளும் அவர்களுடையது. இடமும் வேலையாட்களும் குப்பையும் நம்முடையது. குழுப் பெண்கள் இதற்குச் சம்பந்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"சீரு அவுக கொண்டாந்தாச்சு. பதிலுக்கு நாம குப்பையக் குடுக்கோம். எந்த ஊர்லட்டி இப்பிடி ஒரு சம்பந்தம் கெடைக்கும்?" என்று ஒருத்தி கேட்பாள்.

அங்கிருந்து சொல்லிக்கொடுக்க வந்தவருக்கும் அதனால் சம்பந்தி என்றே பெயர். தன் ஊர் நகராட்சியில் குப்பை வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார், இரண்டு வாரம்போல் லாட்ஜில் தங்குவார், போய்விடுவார். நேரில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். அவரும் அதை மரியாதைச் சொல் என்று தெரிந்துகொண்டு, ஆண் பெண் பாராமல் எல்லோரையும் அண்ணாச்சி என்றார். அவரோடு சென்னையிலிருந்து ஒரு பெண்பிள்ளை வரும். ஜப்பான் மொழி படித்தது. அவர் சொல்வதைத் தமிழில் எங்களுக்கும், நாங்கள் சொல்வதை அவருக்கும் சொல்லும். எங்கள் பெண்கள் வேகமாகப் பேச ஆரம்பித்தால் அது என்னைத்தான் திரும்பிப் பார்க்கும்.

குழுவுக்குத் தலைவி ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன் மேற்கே ஒரு பெரிய ஊரின் குப்பை மேட்டில் வருஷக்கணக்கில் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கியிருக்கிறாள். அந்த மேட்டுக்குள் எப்போதும் தீ கனன்றுகொண்டிருக்குமாம். மழைக்காலத்தில்கூடப் புகை நிற்காது. அந்தப் புகை அவள் நெஞ்சைத் தின்றுவிட்டது. இனி புகைக்குப் போனால் தாங்காது என்று டாக்டர் சொன்னபிறகு அம்மா பிறந்த ஊர் என்று இங்கே வந்தாள். உரக்கூடத்தில் நெருப்பு வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்த விதி. பீடிகூடக் கேட்டுக்கு வெளியேதான். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வந்த புதிதில் ஒரு கூடையைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் சேரும்போது அவள் குவியல்மேல் ஏறி நின்று எங்களை ஏசிக்கொண்டிருந்தாள்.

"ஏலே ஊர்சுத்தி, மம்பட்டியப் பிடிக்கியா, தாலாட்டுதியா?" என்பது அவள் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம்.

புதுக் குவியல் போடுகிற அன்று காலையில் ஒரு காரியம் நடக்கும். இந்த ஊர்க் கோயிலுக்கு வருகிறவர்கள் மரு உதிர வேண்டும், தோல் நோய் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் போடுவார்கள். கூட்டி அள்ளுகிற உப்பு, பூக்குப்பை வண்டியிலேயே தனிச் சாக்கில் எங்களிடம் வரும். அதை என்ன செய்வது? காலில் மிதிபடுகிற இடத்தில் போடக் கூடாது. சாக்கடையில் கொட்டக் கூடாது. புது வீட்டுக்குள் முதலில் உப்பைத்தானே எடுத்துப்போகிறோம். அதைப் போலவே குவியல் எழும்பப்போகும் இடத்தில் அந்த உப்பைப் பரப்பி, அதன்மேல் முதல் கூடைப் பூவைக் கொட்டிக் கும்பிடுவார்கள். சூடம் கிடையாது, அக்காவுக்கு ஆகாது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். சம்பந்தி லாட்ஜில் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வரும்போது குவியல் இடுப்பளவுக்கு வந்திருக்கும். அதை அவர் ஒரு கம்பி வெப்பமானியால் குத்திப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

முதல் உரம் சலித்து எடுத்தபோது கறுப்பாக, மண்வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது. மேலநீலிதநல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர் சில மூட்டைகளை வாங்கிப் போய் மிளகாய் நாற்றுக்குப் போட்டார். ஒரு வாரம் கழித்துப் பைக்கில் வந்தார். மடியிலிருந்து சில நாற்றுகளை எடுத்துக் களத்தில் போட்டார். இலை ஓரமெல்லாம் தீ பட்டதுபோல் பொசுங்கியிருந்தது.

"என்ன வே உரம் இது? வெயில்லகூட இப்பிடிக் கருகாது" என்றார்.

அக்கா நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "தண்ணி ஊத்துனீயளா அண்ணாச்சி?"

"நான் பொறந்ததுலருந்து மிளகா வைக்கேன். எனக்குத் தண்ணி ஊத்தச் சொல்லித் தாரியாக்கும்?"

சோதனைக்கு அனுப்பியதில் உரத்தில் உப்பு அளவுக்கு மேல் இருப்பதாக வந்தது. அப்போது சம்பந்தி இங்கே இருந்தார். எங்களை உட்காரவைத்து, குவியலுக்குள் என்னென்ன போகிறது என்று அந்தப் பிள்ளை மூலம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பூ, தழை, இலை, சாணி, பழைய உரம் ஒரு கூடை என்று பெண்கள் சொன்னார்கள். உப்பு சேர்ந்த பொருள் ஏதாவது வருகிறதா என்றார். ஹோட்டல் மிச்சத்தில் ஊறுகாய் வரும், கருவாட்டுக் கடைக் கழிவு எப்போதாவது வரும் என்றார்கள். யாரும் மறைக்கவில்லை. குவியலில் போகிற சரக்கைக் கேட்டார், சரக்கைச் சொன்னார்கள். கும்பிடுவதைச் சரக்கோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வீடு கட்ட என்னென்ன வாங்கினாய் என்று கேட்டால், வாசல்காலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை யார் சொல்வார்கள்?

ஹோட்டல் மிச்சத்தை நிறுத்தினோம். கருவாட்டுக் கழிவை நிறுத்தினோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்கள், அது மோசமில்லை. சம்பந்தி நிம்மதியாக விமானம் ஏறினார்.

இரண்டாவது குவியல் ஆடியில் போட்டது. கோயிலில் தபசுத் திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். சாமி சப்பரத்தின்மேல் விவசாயிகள் எறிகிற பருத்தியும் மிளகாய் வத்தலும் குப்பையோடு சேர்ந்து வந்து, பிரிக்கிற பெண்களெல்லாம் தும்மிக்கொண்டே வேலை செய்தார்கள். உப்பும் அப்படியே, சாக்குச் சாக்காக வந்தது. அது தவிர, முதல் உரம் கெட்டதற்குக் கண்ணேறுதான் காரணம் என்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், நின்று படம் எடுக்கிறார்கள், கண் படாமல் என்ன செய்யும்? அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கை நிறைய உப்பை எடுத்துக் குவியலைச் சுற்றிவந்து கழித்தார்கள். சுற்றிய உப்பை நெருப்பில் போடுவதுதான் முறை. கூடத்தில் நெருப்பு வைக்கக் கூடாதே. ஆகவே குவியலிலேயே எறிந்தார்கள்.

இரண்டாவது உரம் முதலாவதைவிட மோசம் என்று வந்தது.

நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் வந்து பேசினார். நல்ல மனிதர். எங்களை நிற்கவைத்துப் பேசாமல் தானும் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "இது சோதனைக்குப் போட்ட கூடம்னு ஒங்களுக்குத் தெரியும். உரம் தேறுனாத்தான் ஒப்பந்தம் நீளும். இந்த மிஷினை வேற ரெண்டு ஊர்ல கேட்டுக்கிட்டிருக்காங்க. இன்னொரு குவியல் போடலாம்னு சொல்லியிருக்காங்க. அதுவும் தேறலைன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் போனபிறகு யாரும் வேலையைத் தொடங்கவில்லை. மற்ற பெண்களுக்கு வேறு வழி இருந்தது. சிலருக்குத் தறிக் கூடம், சிலருக்குக் காட்டு வேலை. நெஞ்சுக் கோளாறு உள்ள ஒருத்தியைத் தறியில் பஞ்சுத் தூசிக்கு நடுவே யார் வைத்துக்கொள்வார்கள்? வெயிலில் காட்டு வேலையும் அக்காவால் முடியாது. அவளுக்கு இருந்தது மேற்கே தங்கை வீடு ஒன்றுதான். தங்கையும் அதே குப்பை மேட்டில்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் அறை காலியாகிறது, தீபாவளிக்குள் சொல்லிவிடு என்று போன் செய்திருந்தாள்.

"போறியாக்கா?" என்று கேட்டேன்.

"கூடம் இல்லன்னா போகத்தான செய்யணும்."

"அங்க புகை."

"தெரியும்ல. நான் அங்கன கெடந்தவதான." கையிலிருந்த பூத்தண்டை நறுக்கிப் போட்டாள். "போனா ரெண்டு மழை தாங்குவேன். அதுக்கு மேல கணக்கு இல்ல."

அழவில்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள். நானும் அதை அப்படியே கேட்டுக்கொண்டேன். ஆனால் அதுவரை எந்த ஊர் வேலை போனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய எனக்கு, இந்த வேலை போகக் கூடாது என்று இருந்தது.

சம்பந்தி ஆவணிக் கடைசியில் மறுபடி வந்தார். புதுக் குவியல் போடுகிற நாள் குறித்தாயிற்று. அன்று அவருக்கு என்ன தோன்றியதோ, சாப்பிடாமல், அந்தப் பிள்ளையைக்கூட எழுப்பாமல், விடிந்ததும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது அக்காவும் இன்னொருத்தியும் உப்புச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்துக் களத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தபசில் வந்து மிஞ்சிய சாக்கு அது, நிறைமூட்டை. கடைசி வாய்ப்பு என்பதால் குறைவில்லாமல் செய்யவேண்டும் என்று முழுதும் கொட்டினார்கள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"சால்ட்?"

"சால்ட்" என்றேன்.

"எவ்ரி டைம்?"

மும்பையில் கற்ற ஆங்கிலம் எனக்கு அந்த அளவுக்கு உண்டு. "எவ்ரி டைம்" என்றேன்.

எவ்வளவு என்று கையை விரித்துக் கேட்டார். சாக்கைக் காட்டினேன். பிறகு, அரைகுறையாகச் சொல்வானேன் என்று, வெள்ளிக்கிழமை சுற்றிப் போடுவதையும் சுற்றிக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு கிரேட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வயசான மனிதர் அழுகிறார் என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி காரியத்துல இவருக்கு என்ன இளிப்பு? ஏலே, கேளு."

அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். தலை வாராமல் ஓடிவந்தது. அவர் எழுந்து முதலில் உப்பைப் பார்த்து இடுப்பு வரை வளைந்து வணங்கினார். பிறகு பேசினார். அந்தப் பிள்ளை எங்களுக்குச் சொன்னது இதுதான்: அவர் ஊரிலும் உப்பு அப்படித்தான். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்வந்தால் மேலே உப்பைத் தூவிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். கடை வாசலில் சின்னக் கும்பமாக உப்பு வைப்பார்கள். தன் அம்மாவே தினமும் வைத்தவள். தன் வீட்டு வாசலிலேயே உப்பைப் பார்த்து வளர்ந்த தான், இங்கே ஊறுகாய் வரை தேடிவிட்டு, கும்பிடும்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்காமல் விட்டதை நினைத்துத்தான் சிரித்தாராம். பிறகு சிரிக்காமல் சொன்னார். குவியலை மக்கவைக்கிற சின்ன உயிர்களுக்கும் சரி, செடியின் வேருக்கும் சரி, இவ்வளவு உப்பு ஆகாது. நாற்று பொசுங்கியது இதனால்தான்.

உப்பைக் கொட்டிய கையை அக்கா சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பம் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாமளே வெசம் வச்சிருக்கோம்" என்றாள் தண்ணீர் கொண்டுவந்தவள்.

"வாயக் கழுவுட்டி. சாமி உப்ப வெசம்ங்கா" என்றாள் இன்னொருத்தி.

அங்கே ஆரம்பித்தது சண்டை. பாதிப் பேர், உப்பை எடுத்துவிட்டுப் போடுவோம் என்றார்கள். மீதிப் பேர், இது கடைசிக் குவியல், உப்பில்லாமல் எப்படித் தொடங்குவது, விளங்குமா என்றார்கள். அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போய், பிறகு மொழிபெயர்ப்பதையே விட்டுவிட்டது. சம்பந்திக்கு அது தேவைப்படவும் இல்லை. எந்த நாட்டுச் சண்டையும் பார்த்தால் விளங்கிவிடும்.

அக்கா கடைசியாகத்தான் பேசினாள். உப்பில்லாமல் தொடங்க அவளுக்கும் மனமில்லை. உப்போடு தொடங்கினால் எங்கே போக வேண்டிவரும் என்பதும் அவளுக்குத் தெரியும். "அண்ணாச்சிகிட்டக் கேளு. இம்புட்டு ஆகாது, சரி. எம்புட்டு ஆகும்?"

அவர் யோசித்தார். இரண்டு விரலைக் குவித்து ஒரு சிட்டிகை காட்டினார்.

"இது கொழம்புக்கே காணாது" என்றாள் அக்கா. மூன்று விரலைக் காட்டினாள்.

அவர் தலையாட்டினார். அவள் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். அவர் தலையை வேறு மாதிரி ஆட்டினார். மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுவதுபோல் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி உப்பு, அதையும் ஒரு மூலையில் வாழை இலையில் வைத்து, கும்பிட்டு முடிந்ததும் இலையோடு எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. குவியலுக்குக் கும்பிட்டதும் ஆயிற்று, உள்ளே போகவும் இல்லை. பெண்களில் ஒருத்தி மட்டும், "சம்பந்தி கெட்டிக்காரருட்டி, கடைசில ஒண்ணும் குடுக்கல பாத்தியா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

களத்தில் கொட்டிய உப்பைக் கையாலேயே அள்ளிச் சாக்கில் கட்டினோம். களத்தைக் கழுவினோம். இனி வருகிற சாக்குகளை எங்கே வைப்பது என்ற கேள்வி நின்றது. கோயிலுக்கு உப்பு வருவது தூத்துக்குடியிலிருந்துதான். குப்பையிலிருந்து பிரித்து நாங்கள் கட்டிவைக்கிற பிளாஸ்டிக் கட்டுகளும் தூத்துக்குடிக்குத்தான் போகின்றன. அதே லாரியில் ஏற்றிவிட்டால் கடலில் கரைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். வந்த இடத்துக்கே போகும், யார் காலிலும் படாது. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் டிரைவரை நம்ப முடியாது, எட்டயபுரம் தாண்டியதும் ஓடையில் தட்டிவிடுவான், நம்மில் ஒரு ஆள் கூடப் போய்த் தன் கையால் கரைக்கணும் என்றாள் அக்கா.

"நான் போறேன்" என்றேன்.

"ஒன்னயத்தான் சொல்லுதேன். ஒனக்குத்தான் லாரியக் கண்டா கால் அரிக்கும். திரும்பி வருவல்லா?"

"வாரேன்."

அப்படித்தான் போனேன். கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று சாக்கை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அதில் கிடந்த மிளகு மட்டும் கரையாமல் மிதந்து அலையோடு திரும்பித் திரும்பி வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "கடலுக்கு உப்பு போடுதீரா வே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அங்கிருந்து மும்பைக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவரோடு டீகூடக் குடித்தேன். பிறகு எங்கள் லாரியில் ஏறித் திரும்பி வந்தேன்.

குவியல் நன்றாகச் சூடேறியது. புரட்டும்போது ஆவி பறந்தது. சம்பந்தி ஊருக்குப் போய்விட்டாலும் அந்தப் பிள்ளை வாரா வாரம் போனில் சூடு எவ்வளவு என்று கேட்டு அவருக்குச் சொன்னது. அக்கா நாளுக்குப் பத்துத் தடவை அதில் கை நுழைத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் யாராவது உப்புச் சாக்கைத் திரும்பிப் பார்த்தால் ஏசினாள். ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்தபோது கொட்டகை ஒழுகும் இடத்தில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்ற நாட்கள் உண்டு. தங்கை மறுபடி போன் செய்தாள். அறைக்கு வேறு ஆள் கேட்கிறார்கள் என்றாள். "நாலு நாளு பொறு" என்றாள் அக்கா. நாலு நாள் கழித்தும் அதையே சொன்னாள். அந்த நாட்களில் அவளுக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை என்பது பகலில் அவள் கண்ணில் தெரிந்தது. தூக்கமில்லாததால் மூச்சு இளைப்பும் கொஞ்சம் திரும்பியிருந்தது.

உரம் சலித்துச் சோதனைக்கு அனுப்பினோம். மேலநீலிதநல்லூர் விவசாயி, சோதனையெல்லாம் எனக்கு எதற்கு என்று ஒரு கூடை வாங்கிப்போய் நாற்று பாவினார். அவர்தான் முதலில் வந்தார். இந்தத் தடவை மடியில் எதுவும் இல்லை.

"நாத்து எங்க அண்ணாச்சி?" என்று கேட்டு அக்கா எழுந்தேவிட்டாள்.

"நல்லா நிக்கித நாத்த எதுக்குப் பிடுங்கணும்?" என்றார் அவர். "பச்சைன்னா பச்சை, அப்பிடி ஒரு பச்சை. பத்து மூடை எனக்கு எடுத்து வையி."

அக்கா உட்கார்ந்தாள். ஆனாலும் அவள் நம்பவில்லை. சோதனை வரட்டும் என்றாள். அது வர மேலும் சில நாள் ஆனது. ஒரு நாள் பகலில், நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஆய்வாளரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். உப்பு அளவுக்குள் இருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, கூடம் இங்கேயே இருக்கும், ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சம்மதம் வந்துவிட்டது என்றார். பிறகு, "அந்த அம்மா பக்கத்துல இருக்காங்களா? கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு சார்" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கித் தங்கையின் எண்ணைப் போடச் சொன்னாள்.

"அந்த ரூம வேற ஆளுக்குக் குடுத்துரு" என்று சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா. இங்கனதான். முடிஞ்சா நீயும் கெளம்பி வா. இங்க ஆள் வேணும்."

சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு, காலிச் சாக்குகளை அடுக்கியிருந்த நிழலில், சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். மற்ற பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பூக்குப்பை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது ஒருத்தி ஓடிப்போய் டிரைவரை வாயை மூடச் சொன்னாள். நறுக்கும் இயந்திரத்தைப் போட வேண்டிய நேரம் தாண்டியது. நான் போடவில்லை. அவள் மூச்சு சீராக, எங்கும் தட்டாமல், உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைக் கேட்டபடி கையாலேயே பூவைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.